மேற்படி காரின் முகம் மாற்றப்பட்டது தொடர்பாக

அனுப்புநர்:
தெருக்கோடி மாடி வீட்டுக்காரர்
(பெயரும் கையொப்பமும் மனுவின் இறுதியில்)

பெறுநர்:
மோட்டார் வாகன ஆய்வாளர் அவர்கள்,
வாகனத் தகுதிச் சான்றுப் பிரிவு.

பொருள்: பழைய நீல நிறக் கார் ஒன்றின் முகப்பு விளக்குகளும் முன்பக்கத் தோற்றமும் மாற்றப்பட்டதும், அதனால் எனக்கு ஏற்பட்ட தூக்கக் கேடு, மனக்கஷ்டம், இன்ன பிறவும் – நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதுவரை வாய் திறக்காமல் இருந்தது போதும் என்று ஆன பிறகே இதை எழுதுகிறேன். தெருக்குழாய் உடைந்து வாசலில் குளம் கட்டியபோது எழுதவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் விடிய விடிய ஓடியபோது எழுதவில்லை. என் துளையிடும் மெஷினை இரவல் வாங்கிப்போன மைத்துனர், அதைத் தன்னுடையது என்று சொல்லித் தெருவுக்கே இரவல் கொடுத்தபோதும் எழுதவில்லை. பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை இப்போது தினமும் என் படுக்கையறைச் சுவரில் இரண்டு வெள்ளை வட்டங்களாகத் தெரிகிறது.

1. நான் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் நிறச் சோதனைப் பிரிவின் மேற்பார்வையாளன். இரண்டு டப்பா நீலத்தை அருகருகே தடவி வைத்தால், இரண்டும் ஒரே நீலமா இல்லையா என்று சொல்வது என் வேலை. கருவி பிறகு சொல்லும். நான் முதலில் சொல்வேன். கண்தான் எனக்குச் சோறு போடுகிறது என்பதைத் தாங்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

2. மேற்படி கார் என்னுடையதாக இருந்தது. சென்ற ஆண்டு அதை என் மனைவியின் தம்பிக்கு விற்றேன். அவர் இதே தெருவில், நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். விலை பற்றிய என் குறைகளுக்கு இந்த மனு இடமல்ல. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று வீட்டில் சொல்லித்தான் விற்றேன். உண்மைக் காரணம் ஆறாம் பத்தியில் உள்ளது. என்னிடம் இருந்தவரை அந்தக் காருக்கு அமைதியான முகம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று யோசித்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். யாரையும் முறைத்ததில்லை.

3. வாங்கிய ஒரு மாதத்தில் மைத்துனர் அதைப் பட்டறைக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தார். இவரைத் தெருவே 'பம்பர்' என்றுதான் கூப்பிடும். பட்டறையில் இடம் இல்லை என்று வேலை முழுவதும் எங்கள் தெருவிலேயே நடந்தது. முன்புறக் கம்பித் தடுப்பு கழற்றப்பட்டு, வேறு ஏதோ பெரிய வண்டிக்குச் செய்த பளபளப்பான தடுப்பு அறுத்துப் பொருத்தப்பட்டது. வண்டிக்குப் புதிய பம்பர் வந்தது. விளக்குகளுக்கு மேலே கறுப்பாக இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் ஒட்டப்பட்டன. "அது புருவம் சார். வண்டிக்கு ஒரு கோவம் வேணும்ல" என்றார் பம்பர். ஒரு வண்டிக்குக் கோபம் எதற்கு என்று நான் கேட்டதற்கு, பட்டையை இன்னும் அழுத்தி ஒட்டினார். பிறகு மங்கியிருந்த பழைய விளக்குகளைக் கழற்றி, எங்கள் தொழிலில் பயன்படுத்தும் அதே வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, உள்ளே புதிய வெள்ளை பல்புகளை மாட்டினார். தேய்க்கத் தேய்க்க மஞ்சளாகத் தண்ணீர் இறங்கிச் சாக்கடை வரை ஓடியதை மாடியிலிருந்து பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

4. அன்றிலிருந்து தெருவில் எனக்கு மரியாதை இல்லை. மளிகைக்கடைக்காரர் என்னிடமே, "இப்பத்தான் சார் அது கார் மாதிரி இருக்கு" என்றார். என் மனைவி, "என் தம்பி கை பட்டதும் வண்டிக்கு என்ன களை வந்திருக்கு பாருங்க. உங்ககிட்ட இருந்தப்ப அழுது வடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு" என்றார். அந்தப் புதிய பம்பரின் நீலமும் பானட்டின் நீலமும் ஒன்றல்ல என்பதை இந்தத் தெருவில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. பானட்டின் நீலத்தில் துளி சிவப்பு ஓடுகிறது. பம்பரில் அது இல்லை. வெயில் சாய்ந்த நேரத்தில், மாடி ஜன்னலிலிருந்து, நான்கு வீட்டுத் தொலைவில் எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு குறை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

5. இனி, முக்கியமான புகார். விளக்கின் வெளிச்சம் எந்த உயரத்தில் விழ வேண்டும் என்பதை, சமதரையில் ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, சுவரில் அடையாளம் வைத்து, விளக்கின் பின்னால் உள்ள திருகாணியைத் திருப்பிச் சரிசெய்வார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. தெருக்கோடியில் இருப்பதால் அதற்கு என் சுற்றுச்சுவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அனுமதி கேட்கவில்லை. பம்பர் அளந்து பார்த்து, கறுப்பு டேப்பால் இரண்டு கூட்டல் குறிகளை ஒட்டினார். திருகாணி துருப்பிடித்திருந்ததால் எண்ணெய் விட்டு, "ஊறட்டும், நாளைக்கு வந்து திருப்பிக்கலாம்" என்று போய்விட்டார். மறுநாள் அவர் வருவதற்குள் அந்த இரண்டு கூட்டல் குறிகளும் ஒரு சாண் மேலே ஏறியிருந்தன. எப்படி ஏறின என்பது விசாரணைக்குரியது; சுவரின் உரிமையாளன் என்ற முறையில் நான் கருத்துச் சொல்வது முறையாகாது. விளக்கு உயர்ந்து நின்றால் தங்கள் தகுதிச் சான்றுச் சோதனையில் அந்த வண்டி தேறாது என்று மட்டும் எனக்குத் தெரியும். பம்பரோ அடையாளத்தை நம்பினார், தன் கண்ணை நம்பவில்லை. குறிக்கு நேராக வெளிச்சத்தை ஏற்றிவிட்டுக் கை துடைத்துக்கொண்டு போனார்.

விளைவு: மைத்துனர் தினமும் வேலை முடிந்து தெருவுக்குள் திரும்பியதும், அந்த வெளிச்சம் என் சுற்றுச்சுவரைத் தாண்டி, மாடி ஜன்னல் வழியாக நேரே என் தலையணையில் வந்து விழுகிறது. நான் சீக்கிரம் படுக்கிறவன். சுவரில் புருவத்தோடு ஒரு முகம் வந்து நிற்கிறது. என் மனைவி இதையும் ஒரு வசதியாகவே கருதுகிறார். "தம்பி வந்துட்டான்" என்று எழுந்துபோய் அவருக்குக் காப்பி போடுகிறார். எனக்குக் கேட்டால், "பால் இல்லை".

6. விற்றதன் உண்மைக் காரணம். விற்பதற்கு முந்தைய ஓராண்டு முழுவதும் இருட்டிய பிறகு எனக்குச் சாலை தெரியவில்லை. முதலில் ஓரங்கள் மங்கின. பிறகு எதிரே பத்தடிக்கு மேல் எல்லாம் பழுப்புக் கலங்கலாக ஆயிற்று. ஒருநாள் நிழல் என்று நினைத்து எதிர்வீட்டுப் பூந்தொட்டிமேல் ஏற்றினேன். அதற்கு நாய்மேல் பழி போட்டேன். நிறம் பார்க்கிறவனுக்குக் கண் போனால் என்ன ஆகும் என்பதைத் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கண் மருத்துவமனை வாசல் வரை போய், டோக்கன் வாங்கும் வரிசையைப் பார்த்துவிட்டு, வரிசை நீளம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். மாலைப் பணியை மாற்றிக்கொண்டேன். உறவினர் வீட்டு விசேஷங்களுக்குத் தலைவலி என்றேன். காரை விற்றேன். எங்கள் மேலாளரிடம் விருப்ப ஓய்வு பற்றியும் பேச்செடுத்துவிட்டேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வரும் திங்கட்கிழமை முடிவு சொல்ல வேண்டும்.

7. நேற்று மாலை, வெளிச்சம் பற்றி இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மைத்துனர் வீட்டுக்குப் போனேன். நான் தயாரித்துக்கொண்டு போனவற்றில் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டார். "மாமா, நீங்களே ஓட்டிப் பாருங்க. மேல அடிக்குதா கீழ அடிக்குதான்னு நீங்க சொன்னா சரியா இருக்கும். உங்க வண்டிதானே." மறுத்தால் காரணம் கேட்பார். ஏறி உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கிடங்குகளுக்குப் பின்னால் போகும் சாலையில் தெருவிளக்கு கிடையாது. அந்தச் சாலைக்குள் திரும்பும்போது நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

ஐயா, சாலை தெரிந்தது. ஓரத்துக் கல் தெரிந்தது. கல்லுக்குப் பக்கத்தில் முளைத்திருந்த புல் தெரிந்தது. கிடங்குச் சுவரில் 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று எழுதியிருந்ததும், அதன் கீழே கொட்டியிருந்த குப்பையும் தெரிந்தன. தூரத்தில் படுத்திருந்த நாயின் காது எங்கள் பக்கம் திரும்பியதுகூடத் தெரிந்தது. சுவரில் எழுதியிருந்த சிவப்பில் கொஞ்சம் பழுப்பு கலந்திருந்தது, மலிவான சரக்கு. நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஓராண்டாக மங்கியிருந்தது என் கண் அல்ல. பம்பர் தேய்த்தபோது தண்ணீரோடு இறங்கியதே, விளக்கின்மேல் படிந்திருந்த அந்த மஞ்சள்தான்.

"என்ன மாமா, கண்ணு கூசுதா?" என்றார் மைத்துனர். ஆமாம், கூசுகிறது என்றேன். கண்ணையும் துடைத்துக்கொண்டேன். அந்த வாக்குமூலத்தை இந்த மனுவின் வழியாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கூசவில்லை.

8. அவர் சும்மா இருந்திருக்கலாம். திரும்பி வரும்போது, "நாளைக்கும் வேணும்னா எடுத்துட்டுப் போங்க மாமா. அக்காவ எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. ரொம்ப நாளா வீட்லயே கெடக்கு பாவம்" என்றார். எனக்கு இந்த உலகத்தில் பிடிக்காத பல விஷயங்களில் முதலாவது, நான் கோபமாக இருக்கும் ஆள் நல்லவனாக நடந்துகொள்வது.

ஆகவே, கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் வேண்டுகிறேன். அந்த வண்டியைப் பறிமுதல் செய்யக் கோரி நான் முன்பு எழுதிய வரைவு கிழிக்கப்பட்டது. விளக்குகளைத் தயவுசெய்து யாரும் தொட வேண்டாம்; உயரத்தை மட்டும் ஒரு சாண் இறக்கித் தர உத்தரவிட வேண்டும். எதிரே வருகிறவர்களுக்கும் கண் இருக்கிறது. சரியான உயரம் எது என்பதற்குச் சாட்சியாக, முதலில் டேப் ஒட்டியிருந்த பசைத் தடம் என் சுவரில் இன்னும் அழியாமல் இருக்கிறது. புருவங்களை அகற்ற வேண்டும். வண்டியின் பம்பரைப் பானட்டின் நிறத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். சரியான நீலத்தைத் தருவதற்கு ஆள் இருக்கிறது. ஒரு காரை விற்றவருக்கே அதைத் திரும்ப விற்கச் சொல்ல வாகனச் சட்டத்தில் பிரிவு ஏதும் இருந்தால், அதையும் பரிசீலிக்க வேண்டும். இல்லையென்றால் நானே கேட்டுக்கொள்கிறேன். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. மேலாளர் விஷயம் தங்கள் வரம்பில் வராது. திங்கட்கிழமை, ஓய்வு வேண்டாம் என்றதும் அவர் முகம் போகும் போக்கை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இடம்: மேற்படி சுவருக்குப் பின்னால்
நாள்: ஞாயிற்றுக்கிழமை
கையொப்பம்:

கையொப்ப இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். பெயர் போட்டால் விசாரணைக்கு அழைப்பீர்கள். அழைத்தால் மனைவியும் வருவார். ஐந்தாம் பத்தியில் டேப் பற்றியும் ஆறாம் பத்தியில் பூந்தொட்டி பற்றியும் அவர் முன்னால் நான் பதில் சொல்ல வேண்டும். அவர் கோபப்பட மாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்பு என் காலம் முழுவதும் இந்த வீட்டில் இருக்கும். எனவே இதைக் கையொப்பம் இல்லாமலே அனுப்புவதென்று முடிவு செய்துவிட்டேன்.

தபால் பெட்டி கிடங்குச் சாலையின் மறுமுனையில் இருக்கிறது. இருட்டியதும் மேற்படி காரில் நானே போய்ப் போடப்போகிறேன். மனைவியும் வருகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டிருக்கிறார். உறையில் என்ன என்று கேட்டதற்கு, ஆபீஸ் விஷயம் என்று சொல்லியிருக்கிறேன்.