ரெசின் படாத துணிகள்

ஷிசுவோகா
12 அக்டோபர் 1993

அன்புள்ள கோஹெய்சானுக்கு,

நீங்கள் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. மூச்சு எப்படி இருக்கிறது? தொலைபேசியில் கேட்டால் இருமல்தான் பதிலாக வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

இப்போது ரெசினையும் நானே ஊற்றுகிறேன். ஒன்பது வருடம் நான் பொம்மை விண்கப்பலைச் செதுக்க, நீங்கள் அச்சில் வார்த்தீர்கள். வேலையில் பாதி உங்களுடையது என்று வாயால் சொல்லியிருக்கிறேன். என் கைக்கு இப்போதுதான் தெரிகிறது. பத்தில் நாலு வீண். கப்பலின் மூக்கு நுனியில் குமிழி நின்றுவிடுகிறது.

நேற்று கோஃபுவிலிருந்து நம் பழைய வாடிக்கைக்காரர் நகுமோ வந்தார். "போன கப்பலோட துண்டுகள ஒட்டிச் சாயம் பூசி முடிக்கவே எட்டு மாசம் ஆச்சும்மா. எங்க உங்க வீட்டுக்காரர்?" என்றார். "மூச்சு வாங்கப் போயிருக்கார்" என்றேன். சிரித்தார். உங்கள் காலி நாற்காலியைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

பிப்ரவரி விற்பனை விழாவுக்கு நாற்பது பெட்டி. அதோடு பட்டறையை மூடிவிட்டு அங்கே வந்துவிடுகிறேன். சத்தியம்.

உங்கள்
சயோகோ

*

மிக்கபி
3 நவம்பர் 1993

அன்புள்ள சயோகோ,

முதலில் முகமூடி. ஜன்னலைத் திற. நான் போடாமல் இருந்ததால்தான் இனி அந்த ரெசின் தூசி கொஞ்சம் பட்டாலும் என் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் என்கிறார் டாக்டர். உனக்கும் வந்துவிடக் கூடாது.

அச்சை வெதுவெதுப்பாக்கு. ஒரே மூலையிலிருந்து, உயரத்திலிருந்து, நூல் போல ஊற்று. அவசரப்படாதே, இறுகுவதற்குத் தொண்ணூறு விநாடி இருக்கிறது.

இங்கே ஆரஞ்சு பறிக்கிறேன். "ரெண்டு பெட்டி தூக்கினா உக்காந்துடற, இதுல இவரு விண்கப்பல் வேற விட்டாராம்!" என்று ஹிசாயே அக்கா திட்டுகிறாள். அவளுக்குத் தேநீரையும் நூல் போல ஊற்றுகிறேன் போலிருக்கிறது. "சீக்கிரம் ஊத்துடா, ஆறிடும்" என்கிறாள்.

புத்தாண்டுக்கு வா. உன்னைப் பார்க்க வேண்டும். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

கோஹெய்

*

ஷிசுவோகா
9 ஜனவரி 1994

அன்புள்ள கோஹெய்சானுக்கு,

புத்தாண்டுக்கு அங்கே கிளம்பும் முன் குளித்தேன். கோட்டைத் துவைத்தேன். கழுத்துத் துணியை மறந்துவிட்டேன். நான் ரெசினைத் தேய்க்கும் மேசைக்கு மேலேதான் அது மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் வாசலுக்கு வந்து, குளிருகிறது என்று அதை நீங்களே என் கழுத்தில் இறுக்கிக் கட்டினீர்கள். சாயங்காலம் ஆம்புலன்ஸ்.

ஆஸ்பத்திரி நடையில் அக்கா என்னிடம், "நீ வராம இருந்தாலே அவன் பொழச்சுக்குவான்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்லாமல் ரயில் ஏறினேன்.

மூச்சு சீரானதும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும்.

சயோகோ

*

மிக்கபி
6 மார்ச் 1994

சயோகோவுக்கு,

நகுமோ தொலைபேசியில் பேசினார். நாற்பது பெட்டியும் காலை பதினொரு மணிக்குள் தீர்ந்ததாம். ஒன்றில்கூடக் குமிழி இல்லையாம். கேட்டதும் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பிறகு அவர், "அடுத்த கப்பல் வருதுன்னு இப்பவே அவங்க அறிவிப்புப் பலகை வெச்சுட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்றேன்.

என்னிடம் சொல்ல உனக்கு அவ்வளவு பயமா? எனக்காகக் கப்பலை விட்டுவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்து, வாய் திறக்காமல் ஆரஞ்சு உரிக்கும் உன்னைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்திட்டு முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறேன். உன் சத்தியத்திலிருந்து உன்னை விடுவிக்க வேறு வழி தெரியவில்லை.

முகமூடியை மறக்காதே.

கோஹெய்

*

ஷிசுவோகா
28 மார்ச் 1994

அன்புள்ள கோஹெய்சானுக்கு,

கோபத்தில் காகிதத்தை நேரே நகராட்சி அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். "சாட்சி ரெண்டு பேர் கையெழுத்து வேணும்மா" என்றாள் அங்கிருந்த பெண். நகுமோவிடம் கேட்டேன். "நான் ஒட்டறவன்மா, பிரிக்கறவன் இல்ல. வேற ஆளப் பாருங்க" என்று அவர் போனை வைத்துவிட்டார். வேறு ஆளை நான் பார்க்கவில்லை.

நான் சொன்னது பொய்ச் சத்தியம். என்னால் கப்பலை விட முடியாது. உங்களையும் விட முடியவில்லை. சொல்லத்தான் பயந்தேன்.

உங்கள் ஊருக்கு முந்தைய நிறுத்தத்தில் பொதுக் குளியலறை இருக்கிறது. பக்கத்திலேயே துணிக்கடையும் இருக்கிறது. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை அங்கே இறங்கித் தலைக்குக் குளித்து, புதுத்துணி உடுத்திக்கொண்டு வருகிறேன். போட்டுவந்ததெல்லாம் ரயில் நிலையப் பெட்டகத்தில் கிடக்கட்டும். அக்கா வீட்டுக்குள் விடாவிட்டாலும் பரவாயில்லை. தோட்டத்துச் சரிவில் நீங்கள் ஒரு மரத்தடி, நான் ஒரு மரத்தடி. என் பக்கமிருந்து காற்று அடித்தால் எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை. வேண்டாம் என்றால் எழுதுங்கள். எழுதாவிட்டால் வருகிறேன்.

உங்கள்
சயோகோ