எல்லாருக்கும் டீ

கம்பித் தூக்கில் டீ கிளாஸ்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பையன் வண்டியிலிருந்து விழுந்துவிட்டான் என்று பார்க்கப் போயிருந்தேன், நாம் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்கு. இஞ்சியும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாசனை வந்ததும், வராந்தாவில் நின்று நீ "எல்லாருக்கும் டீ" என்று குரல் கொடுப்பதுபோல் இருந்தது. நீ போய் இத்தனை வருஷமாகியும் என் கை தானாக ரத்தப் பாட்டிலைத் தேடியது.

அந்த எழுபதுகளில் நீ சர்ஜன். நான் ரத்த வங்கிக்குப் பொறுப்பு. வங்கி என்பது பெயர்தான். இருந்தது ஒரு பிரிட்ஜ். அதற்குள் பெரும்பாலும் குளிர் மட்டும் இருக்கும். அடிபட்டவரோடு ஒரு லாரி நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். உயிரையே கொடுப்போம் என்பார்கள். ரத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் செருப்பைத் தேடுவார்கள். ஆகவே யாருக்குப் பாட்டில் பாட்டிலாக வேண்டியிருக்கும் என்பது கூட்டம் கலைவதற்குள் நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

நீ கண்டுபிடித்த வழி டீ. நிறைய ரத்தம் போகும் என்று உனக்குப் பட்டால் கூட்டம் முழுவதற்கும் சொல்வாய். இல்லையென்றால் உனக்கு மட்டும் ஒன்று. பிறர் வாங்கிக் கொடுத்த டீயைக் கையில் பிடித்துவிட்டால், நம் ஊர்ப்பக்கத்து ஆள் குடித்து முடிக்காமல் எழுந்து போகமாட்டார்; குடித்தபின் முகத்தை முறிக்கவும் மாட்டார். அதற்குள் நான் விரலில் குத்தி ரத்தப் பிரிவு பார்த்துவிடுவேன்.

ஒருமுறை ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரன் ஒருவன் வந்தான். குழாய் விழுந்து இடுப்பு நசுங்கியிருந்தது. படுத்தபடியே லாரிக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தான்.

"நல்லாத்தானப்பா பேசறான்?" என்றேன்.

"பேச்சை உடு. காலைத் தொட்டுப் பாரு."

சித்திரை மத்தியானத்தில் அந்தப் பாதம் கிணற்றுப் படிபோலச் சில்லென்றிருந்தது. ரத்தம் உள்ளுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. டீ வந்தது. அவனுடைய தாய்மாமன் கிளாஸும் கையுமாகக் கெஞ்சினார்: "ஏனுங்க டாக்டரு, எனக்கே ரத்தம் கொஞ்சந்தானுங்க. பங்காளிங்க இத்தன பேரு இருக்கறாங்கல்லங்க?"

"டீ நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டாய் நீ.

அவர் சட்டைக் கையை மடக்கினார். சில மாதம் கழித்து மருமகன் நடந்தே வீட்டுக்குப் போனான்.

பிறகு எண்பதுகளில் ஒரு நாள், ஆட்டையாம்பட்டிச் சாலையில் உன் ஸ்கூட்டரில் பஸ் மோதியது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரியில் உன்னைக் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர்கள் டிரைவரும் சுமை தூக்குகிறவர்களும். சொந்தம் என்று ஒருவரும் இல்லை.

"ரெண்டு பாட்டில் போதும்ப்பா. எனக்கு மட்டும் ஒரு டீ சொல்லு" என்று சிரித்தாய்.

நீ தப்பாகச் சொன்னது அந்த ஒருமுறைதான். தெரிந்தே சொன்னாய் என்றுதான் நினைக்கிறேன். போர்வையை விலக்கி உன் பாதத்தைத் தொட்டேன். வெளியே வந்து எல்லாருக்கும் டீ சொன்னேன்.

அன்று யாரும் செருப்பைத் தேடவில்லை. மற்ற நோயாளிகளின் உறவுக்காரர்கள்கூட டீயைக் குடித்துவிட்டு வந்து கையை நீட்டினார்கள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, "போதுங்க டாக்டர்" என்றார். அந்த பிரிட்ஜ் நிரம்பியிருந்தது அந்த ஒரு வாரம்தான். உனக்கென்று எடுத்ததில் யார் யாரோ பிழைத்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பையனின் கட்டிலருகே போனதும் என் கை போர்வைக்குள் போய்விட்டது.

"ஐயோ, பெரியவங்க நீங்க! சின்னப் பையன் காலைத் தொடலாமுங்களா?" என்று அவன் அம்மா பதறினார்.

பாதம் சூடாகத்தான் இருந்தது. வராந்தாவுக்கு வந்து எனக்கு மட்டும் ஒரு டீ சொன்னேன். கிளாஸ் காலியான பிறகும் எழுந்திருக்கவில்லை.