என்னை நம்பாதே என்றவனுக்கு

மாமா,

இன்று காலை ஆஸ்பத்திரி பெஞ்சில் உன் வாசனை வந்தது. பழுத்த இரும்பும் வேர்வையும் கலந்த வாசனை. எத்தனை சோப்பு போட்டாலும் உன் சட்டையை விட்டுப் போகாதே, அதுதான். சட்டென்று திரும்பிவிட்டேன். தாஸ் உட்கார்ந்திருந்தான். ஷிஃப்ட் முடிந்து குளிக்காமல் அப்படியே வந்திருந்தான், உன் தாஸ்.

இரண்டு பேரும் ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தோம். அவனுக்கு முதல் தடவை, எனக்கு இரண்டாவது. உன்னோடு வந்தபோது, "இப்போதைக்கு ஒன்றும் இல்லை, சில மாதம் கழித்துப் பார்த்தால்தான் உறுதி" என்று சொன்னார்களே, அந்த இரண்டாவது.

"அண்ணி, டீ வாங்கியாறட்டா?"

"உன் கையால ஒன்னியும் வாணாம். சும்மா குந்து."

குந்தினான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான புதிதில் மில்லில் உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். தட்டிலிருந்த முருங்கைக்காயை எடுத்துக் காட்டினாய். "இதான் கம்பி. சூளையிலேர்ந்து செக்கச்செவேல்னு வரும். நான் இடுக்கியால புடிச்சி ரோலர்ல வுடுவேன். அந்தாண்ட தாஸு புடிச்சித் திருப்பி எனக்கு வுடுவான். போவப் போவ இளைச்சி நீண்டுக்கினே போவும்." தவறிவிட்டால் என்று கேட்டேன். "பாம்பாட்டம் தாவும். 'ஒத்து'ன்னு கத்துவோம். கத்தறவன நம்பி ஒதுங்கி ஓடணும். திரும்பிப் பாத்தா காலு காலி." சொல்லிவிட்டு அந்த முருங்கைக்காயையே கடித்துச் சிரித்தாய்.

ஒரு நாள் அது தாவியது. தாஸ் கத்தினான், நீ குதித்தாய். வயிற்றில் ஏற வேண்டியது கெண்டைக்காலோடு போயிற்று. புண் ஆறியது, வலி ஆறவில்லை. ஆறும்வரை உட்கார்ந்திருக்க மில்காரன் விடவில்லை. வலி மாத்திரையில் தொடங்கினாய். மாத்திரை போதாமல் போனதும் நீயும் தாஸும் போதை ஊசிக்குப் போனீர்கள். உன் பேன்ட் பாக்கெட்டில் அந்த ஊசியைப் பார்த்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நிறுத்தச் சொன்னேன். கெஞ்சினேன், அம்மா வீட்டுக்குப் போய்விட்டும் வந்தேன். நடக்கவில்லை. கடைசியில், "ஊசியாச்சும் தனித்தனியா வச்சிக்குங்களேன்" என்றேன். உனக்கு வந்ததே கோபம்.

"இன்னாமே பேசற? பழுத்த கம்பிய என்னாண்ட அனுப்பறவன் அவன். அவன் குத்தின ஊசியா என்னைக் கொல்லப்போவுது? உனக்குத் தனி, எனக்குத் தனின்னா அவன் மூஞ்சில துப்பின மாதிரி."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மில்லில் உன் உயிர் அவன் கையில், அவன் உயிர் உன் கையில். அப்படிப்பட்டவனிடம் ஊசியில் மட்டும் எப்படிச் சந்தேகப்படுவது? நோய்க்கு இதெல்லாம் தெரியுமா மாமா? நல்லவன் ரத்தமா கெட்டவன் ரத்தமா என்று பார்த்தா அது ஏறுகிறது?

பிறகு காய்ச்சல் வந்தது, போயிற்று, வந்தது. என்னிடம் சொல்லாமல் எங்கேயோ போய் ரத்தம் கொடுத்திருக்கிறாய். அன்றிலிருந்து கதவோரம் பாய் போட்டுப் படுத்தாய். நான் கிட்டே வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். ஒரு நாள் ஆணுறைப் பாக்கெட்டை என் முன்னால் வைத்துவிட்டு தலை குனிந்து நின்றாய்.

நான் ஆடிவிட்டேன். "எவளாண்ட போய்ட்டு வந்த? தாலி கட்டினவகிட்ட இதைப் போட்டுக்கினு வருவியா? நான் இன்னா ரோட்டுல நிக்கறவளா?" பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள், நாம் பேசுவது கேட்க வேண்டும் என்று. நீ குரலே எழுப்பவில்லை.

"தாஸ நம்பினேன், தாஸு என்னை நம்பினான். ரெண்டு பேரும் பூட்டோம்" என்றாய். "நீ என்னை நம்பாதமே. அது ஒன்னு செய்யி எனக்கு."

எவளும் இல்லை, அந்த ஊசிதான் என்று அப்போதுதான் விளங்கியது.

ஊரில் தெரிந்த முகம் இருக்கும் என்று திருவள்ளூர் வரை பஸ் ஏறிப் போனோம். உனக்கு ரத்தத்தில் ஒன்று, ஈரலில் ஒன்று, இரண்டு நோய் என்றார்கள். ஒரே ஊசிதான் இரண்டையும் கொண்டுவந்திருந்தது. எனக்கு, காத்திருக்கச் சொன்னார்கள். அந்த மாதங்களை எப்படிக் கழித்தோம்! உன் சவர பிளேடை என் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தாய். பழவேற்காட்டு நண்டு உடைக்கும்போது உன் விரல் கிழிந்தது. துணி எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். "ஒத்து!" என்று மில்லில் கத்துகிற மாதிரி கத்தினாய். அப்படியே நின்றுவிட்டேன். நீயே கட்டிக்கொண்டாய், நீயே தரையைக் கழுவினாய். சேர்ந்து சாப்பிடலாம், கட்டிப் பிடிக்கலாம், அதில் ஒன்றும் ஒட்டாது என்று கவுன்சிலர் பெண் சொன்ன பிறகுதான் என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தாய்.

ரத்தத்து நோய்க்கு மாத்திரை கொடுத்தார்கள், விழுங்கினாய். ஈரல் காத்திருக்கவில்லை. கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்திருந்தபோது உனக்கு ஒரே கேள்விதான்.

"போனியா? இன்னா சொன்னாங்கோ?"

"இன்னும் நாள் கீது மாமா."

அந்தப் பதிலைத்தான் உன்னோடு அனுப்பிவைத்தேன்.

உன் சாவுக்கு வந்த தாஸ் தெருமுனையிலேயே நின்றான். அவன் நிற்கிறான், நீ படுத்திருக்கிறாய். கல்லை எடுத்து அடிக்கலாம் போலிருந்தது. யாரிடமிருந்து யாருக்குப் போனதென்று இனி எந்த டாக்டராலும் சொல்ல முடியாதாம். அதற்கப்புறமும் எனக்கு மனசு ஆறவில்லை. ஆனாலும் போன வாரம் அவன் மனைவி சாந்தியைக் கடைத்தெருவில் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றும் தெரியாத சிரிப்பு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தானே சிரித்திருப்பேன். அன்றைக்கே போய் தாஸின் சட்டையைப் பிடித்து, என்னோடு ரத்தம் கொடுக்க வரச் சொன்னேன்.

உள்ளிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். அதே கவுன்சிலர் பெண். "உக்காருங்கக்கா" என்றாள். நான் உட்காரவில்லை.

"ரெண்டுமே இல்லக்கா. உங்களுக்கு ஒன்னும் இல்ல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெளியே வந்து யாரிடமாவது சொல்லலாம் என்று பெஞ்சைப் பார்த்தேன். தாஸ்தான் இருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெகு நேரம் கழித்து வந்தான்.

"எனக்குக் கீதாம் அண்ணி."

"மாத்திர?"

"தராங்கோ. நிறுத்தாம முழுங்கினா இருக்கலாமாம். ஊசிய வுடறதுக்கும் ஒரு மருந்து கீதாம், டெய்லி வந்து சாப்டணுமாம்." கையை முழங்கால் நடுவே செருகிக்கொண்டான். "சாந்தி நாஷ்டா செஞ்சி வச்சிக்கினு பாத்துக்கினு இருக்கும். அதாண்ட இன்னான்னு அண்ணி சொல்லுவேன்?"

"என்னை நம்பாதன்னு சொல்லு."

விழித்தான்.

"எங்க மாமா என்னாண்ட சொன்னது. எவகிட்ட போனன்னு கேப்பா. செருப்பால கூட அடிப்பா. வாங்கிக்கோ. ஆனா சொல்லு."

அவன் அழுதான். கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு, "போய் ரெண்டு டீ வாங்கியா. குடிச்சிட்டுக் கெளம்பலாம். நானும் வரேன் உங்க ஊட்டுக்கு" என்றேன்.

பஸ்ஸில் அவன் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. வழி முழுக்க உன் வாசனை.

நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் வந்திருக்கிறது, மாமா. எனக்கு இல்லை. நீ கத்தினாய். உன்னோடு சண்டை போட்டுவிட்டுத்தான் ஒதுங்கினேன். ஆனால் ஒதுங்கிவிட்டேன். அந்தக் குரல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. இன்று சாந்தியின் கதவைத் தட்டும்போதும் அதுதான் கேட்டது.