குழாய்த் தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

சதுப்பு ஏரிச் சரணாலயத்துக்காக நானும் என் அறைத்தோழியும் ஞாயிறுதோறும் சோதனைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறோம் அல்லவா? போன வாரம் அவள் என் புட்டியிலிருந்த ஏரித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைப்பதைப் பார்த்துவிட்டேன்.

"எங்க கம்பெனி கழிவுதான்டி ஏரியில கலக்குது. தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அவள் புட்டியின் மூடியைத் திருகி மூடினாள். சோதனை முடிவை நம்பி, ஏரி சுத்தமாக இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் அம்மா. நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்.

மறுபடி ஏரிக்குப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் அறையைக் காலி செய்துவிட்டாள்.

நீ கவலைப்படாதே. ஒருத்திக்கு மட்டும் சோறு வடிக்க எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று எழுது. தினமும் மிஞ்சிப்போகிறது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

உன் மகள்