உப்புத் தண்ணீரும் எழுபத்திரண்டு படிகளும்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். இதை எழுதிவிட்டு, உண்மைதானா என்று ஒரு நிமிடம் பேனாவை மூடி வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன் அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: போன வருடம் அவருடைய இதயத்தில் போட்ட ஊசியில் ஸ்டெம் செல் எதுவும் இல்லை, வெறும் உப்புத் தண்ணீர்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் பெயருக்கு வந்த உறையை வழக்கம்போல நான்தான் பிரித்தேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், எந்தத் தாள் வந்தாலும் அவர் தொடமாட்டார், நான் முழுவதும் படித்து ஒரே வரியில் சொல்ல வேண்டும். மூன்று தடவை படித்தேன். அவருடைய ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து எண்ணைச் சரிபார்த்தேன், அதே எண்தான். குளியலறையிலிருந்து, என்னம்மா போட்டிருக்கு என்று கேட்டார். அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க என்றேன். அதுவும் கடிதத்தில் இருந்ததுதான், பொய் இல்லை. சரி என்று மறுபடி பாட ஆரம்பித்துவிட்டார்.

உன்னிடம் எல்லாவற்றையும் போனில் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறோம். மாரடைப்பில் அவருடைய இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, அது தானாகத் திரும்ப வளராது. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்லைப் பிரித்து, தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு அந்த இடத்திலேயே போட்டால் தசை தேறுகிறதா என்று பார்க்கும் ஆய்வு அது. மஜ்ஜையை எல்லோரிடமும் எடுப்பார்கள், பாதிப் பேருக்குத்தான் செல்லைப் போடுவார்கள், மீதிப் பேருக்கு உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று ஒரு வருடத்துக்கு டாக்டருக்கே தெரியாது. இதையெல்லாம் ஆய்வு நடத்தும் பெண் டாக்டர் எங்களை உட்காரவைத்து நிதானமாகத்தான் சொன்னார். உன் அப்பாவும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். வெளியே வந்ததும், இந்த லிஃப்ட்டு மூணாவது மாடி தாண்டும்போது முனகுதே கேட்டியா, எண்ணெயே காட்டாம விட்டிருக்காங்க என்றார். இருபத்தாறு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த மனிதர், சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய லிஃப்ட்டைத்தான் அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் அப்போதே திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, எல்லாம் சரிதானே என்று என்னைப் பார்த்தார். இருபத்துமூன்று பக்கத்தையும் படித்திருந்த நான், சரிதான் என்றேன். அவர் முகத்தில் அத்தனை நம்பிக்கை இருந்தது, அதில் பாதியைக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிற ஆளுக்கு வாய்த்தது லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி என்று கிண்டல் செய்வாரே இரண்டாவது மாடித் தையல்காரர், அவர் தன் வீட்டு வாசலில் இவர் உட்கார்ந்து மூச்சு வாங்க ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். ஊசி போட்ட மூன்றாம் மாதமே, உள்ள எடுத்து வைய்யா, எனக்குப் புது மோட்டார் போட்டாச்சு என்று இவர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும், எழுபத்திரண்டு படி, நிக்காம ஏறினேன் என்று உன்னிடம் போனில் அளப்பதைக் கேட்டபடிதான் நான் பாத்திரம் கழுவுவேன். இதயத்தை எடுத்த எக்கோ ஸ்கேனிலும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. எந்த மோட்டார் அது, மாத்திரையா, நடையா, சிகரெட்டை விட்டதா, எனக்குத் தெரியவில்லை. நம்பிக்கை உடம்பை இப்படியெல்லாம் செய்யும் என்று எத்தனையோ புத்தகத்தில் படித்திருக்கிறேன். நம் வீட்டுப் படியில் நடக்கும்போது படித்தது எதுவும் கைகொடுக்கவில்லை.

இனிமேல்தான் பெரிய கேள்வி. அவரிடமிருந்து எடுத்த செல்களை உறையவைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம், வேண்டுமானால் இப்போது போட்டுக்கொள்ளலாம், மாதக் கடைசிக்குள் அவரே பதில் சொல்ல வேண்டும். செல் போட்டுக்கொண்டவர்களுக்கும் இதுவரை பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. சொன்னால் அந்தப் படிகள் அவரை விட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, சொல்லாவிட்டால் அவருக்குக் கிடைக்க வேண்டியதைத் தடுத்தவள் ஆவேன். உன்னைவிடப் பதினோரு வயதுதான் மூத்தவள் நான், இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம்தான் ஆகிறது. உன் அப்பாவைப் பற்றிய ஒரு விஷயத்தை நான் மட்டும் வைத்துக்கொண்டிருப்பது உன்னிடமிருந்து எடுத்து ஒளித்தது போல இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, அந்தப் பல்லை இனியும் தள்ளிப்போடாமல் போய்க் காட்டு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது படியைப் பற்றி நீயாகக் கேட்காதே, மறந்துவிடாதே. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும், உடம்பும் மனதும் திடமாக இருக்கட்டும். இது எங்கள் இருவரின் ஆசீர்வாதம், அவருடையதையும் அவரைக் கேட்காமலே சேர்த்து எழுதிவிட்டேன்.

உன் சித்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரித் தாளை என் கையிலிருந்து வாங்கி, முதல் தடவையாகத் தானே படித்தார், விரல் வைத்து வரி வரியாக. அப்ப இவ்வளவு நாளா ஏறினது யாரு என்று கேட்டார். சனிக்கிழமை காலை ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தவர் இரண்டாவது மாடியில் நின்றுவிட்டார். தையல்காரர் நாற்காலியை எடுத்து வந்து போட்டார். உட்கார்ந்தார்.