அழாத பிள்ளைக்குப் பெப்பர்மிண்ட்

மைசூர்,
ஜூலை 1934

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

தந்தி தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இங்கே மழை இன்னும் விடவில்லை.

அழாத பிள்ளைக்குத்தான் பெப்பர்மிண்ட் என்று லீவில் வரும்போதெல்லாம் பழக்கினீர்கள். காதுவலியை ஜூடித் என்னிடம்கூடச் சொல்லாமல் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். சுரம் தலைக்கேறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "இத்தனை நாளா பிள்ளை வாயே திறக்கலையா?" என்று டாக்டர் என்னைத் திட்டினார்.

"நான் அழலைன்னு அப்பாவுக்கு எழுதும்மா" என்றாள் அவள். எழுதிவிட்டேன்.

நீங்கள் வாங்கித் தந்த மஞ்சள் கவுனைப் போட்டுத்தான் அவளைச் சவப்பெட்டியில் வைத்து மூடினோம்.

நேற்று சின்னவள் படியில் விழுந்தாள். முழங்காலெல்லாம் ரத்தம். உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "அழுடி" என்று அடித்தேன். அடிக்க அடிக்க, அவள் அழவேயில்லை.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா