பக்கத்துச் சீட்டு

12.8.2007, ஞாயிறு

மகள் வசந்தி என்னைச் சென்னையில் சோபா போட்ட தியேட்டருக்கு அழைத்துப் போனாள். உட்கார்ந்ததும் பக்கத்துச் சீட்டில் பையை வைத்தேன். விருத்தாசலத்தில் என் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் இடம் பிடிப்பேன்.

ஒருவர் வந்து, "அம்மா, இது என் சீட்டுங்க" என்றார்.

"ஆளு வருதுங்க. பீங்கான் கம்பெனி விட்டதும் வந்துருவாரு."

வசந்தி பையை எடுத்துக்கொண்டாள். "யம்மா, இங்கல்லாம் நம்பரு. யாருக்கும் சீட்டு புடிக்க வேணாம்."

என் வீட்டுக்காரர் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

படத்தின் கதை ஞாபகமில்லை. ரயிலேற்றும்போது, "அவ்ளோ தூரம் வந்ததுக்கு நல்லா இருந்துச்சாம்மா?" என்றாள்.

"நல்லா இருந்துச்சுடி."

பொய்யில்லை. பையை வைத்ததிலிருந்து அந்த ஆள் கேட்கும்வரை அவர் உயிரோடுதான் இருந்தார். அதற்காகவே இன்னொரு தரம் போகலாம்.